கார்க் நகரில் ஒரு மந்திரிசபை

1

யாரையும் மன்னித்துவிட்டதாக இந்தக் குறிப்பின் கடைசியில் எழுத மாட்டேன். படிக்க உட்காருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு நான் வந்து இந்த மாதத்தோடு ஏழு வருஷம் ஆகிறது. ஏழு வருஷம் நிறைந்த அந்த நாளைக் குடியேற்ற அலுவலகத்து வரிசையில்தான் கழித்தேன். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அதனால் இந்த ஊர் ஆபீசுகளில் நான் செல்வராஜ் இல்லை, மிஸ்டர் மாசிலாமணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி "மிஸ்டர் மாசி... லமானி?" என்று திக்கித் திணறிக் கூப்பிட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சதுரங்கப்பட்டினம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் கூலிக்கு மரம் வெட்டிய மாசிலாமணியை நம் ஊரில் எந்த ஆபீசிலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. இங்கே ஒரு அரசாங்கமே அவருக்கு மிஸ்டர் போடுகிறது.

எனக்கு வேலை மருந்துக் கம்பெனியில். மருந்து தயாரிக்கும் தொட்டிகளைக் கழுவிய பிறகு, அவை நிஜமாகவே சுத்தமாகிவிட்டனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவேன். சுத்தத்துக்குத்தான் சம்பளம். இதில் இருக்கும் வேடிக்கை போகப் போகத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி. ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பெற்றோர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் என் பொறுப்பு. இந்தப் பருவத்துக்குக் குடிமையியல் சொற்கள்: குடிமக்கள், உரிமை, கடமை, வாக்கு, ஊராட்சி, அமைச்சர், எதிர்க்கட்சி.

"எதிர்க்கட்சின்னா யாரு?" என்று கேட்டேன்.

"எதிர்ல உக்காரவங்க, மாஸ்டர்."

"உக்காந்து என்ன பண்ணுவாங்க?"

"நோ சொல்வாங்க."

இதற்கு முழு மார்க் போடாமல் என்ன செய்வது?

ஊராட்சிதான் கஷ்டமாகிவிட்டது. இவர்களுக்கு ஊர் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவுக்குப் போய், கொசுக்கடி வாங்கித் திரும்புகிற இடம். தாங்கள் இருப்பதும் ஓர் ஊர்தான், அதற்கும் ஒரு மன்றம் உண்டு என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். போன உள்ளாட்சித் தேர்தலில் நான் ஓட்டுப் போட்டதைச் சொன்னேன். இந்த நாட்டுக் குடிமகன் இல்லாத எனக்கும், இங்கே குடியிருக்கிறவன் என்பதற்காகவே கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு உண்டு. நம் ஊர் போல மிஷின் கிடையாது. பென்சிலால் பெயர்களுக்கு நேரே, நம் விருப்ப வரிசைப்படி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத வேண்டும். வேட்பாளர் மழையில் நனைந்துகொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டி, "என்னை இரண்டாவதாகவாவது போடுங்கள்" என்று கேட்டார். வளர்ந்த பிறகு என்னிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை.

2

போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். பெயர் இனியா. அம்மா கவிதா இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் நாள் இனியாவைக் கூட்டிவந்தவர் அவளுடைய தாத்தா. ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார். குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், கையில் ஃபிளாஸ்க்.

குல்லாவைக் கழற்றினார். தெய்வசிகாமணி சார்.

எங்கள் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். முடி நரைத்திருந்ததே தவிர, ஆளை நிறுத்தி எடை போடும் அந்தப் பார்வை அப்படியே இருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இங்கே எல்லாருக்கும் நான் ராஜ் மாஸ்டர். தாடி வேறு.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"செங்கல்பட்டு மாவட்டம் சார். கல்பாக்கம் பக்கம்."

"அடடே! நாங்களும் அந்தப் பக்கந்தான். டவுன்ஷிப்பா? அப்பா அணுமின் நிலையத்துலயா?"

வெளிநாடு வந்து வேலை பார்க்கிறவன், கல்பாக்கம் என்கிறான், அப்படியானால் டவுன்ஷிப்தான். அவர் கணக்கில் வேறு வழியே இல்லை. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அந்தப் பக்கந்தான் சார்" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார். "குடிமையியலா! நான் காலமெல்லாம் எடுத்த பாடம் தம்பி. வெறுமனே எழுதிப் போட்டா பசங்க மண்டையில ஏறாது. எங்க ஸ்கூல்ல நான் மந்திரிசபையே வெச்சிருந்தேன். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு துறை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவங்க அசந்துட்டாங்க. நீங்களும் ஒண்ணு வைங்க. பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வரும்."

யோசனை அவருடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"வைக்கிறேன் சார்" என்றேன்.

3

அவருடைய மந்திரிசபையில் நான் இருந்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் காலை வணக்கக் கூட்டம். சார் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். முதலமைச்சர், ரைஸ்மில்காரர் மகன். கல்வி அமைச்சர், உணவு அமைச்சர், விளையாட்டு அமைச்சர் எல்லாம் ஊருக்குள்ளிருந்து வரும் பையன்கள். கடைசியாக, "சுகாதார அமைச்சர், எம். செல்வராஜ்." எல்லாரும் கை தட்டினார்கள். பச்சை சார்ட் அட்டையில் வட்டமாக வெட்டிய பேட்ஜைச் சட்டையில் குத்தினார்கள். காலனி வரைக்கும் ஓடினேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் இல்லை. நைனா, என் அப்பா, பேட்ஜைத் தடவிப் பார்த்தார். "இன்னா போட்டுக்கீது?"

"சுகாதார அமைச்சர் நைனா."

"அப்டீன்னா?"

"மந்திரி."

உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். அப்படியே கடைக்குப் போய்க் கடலை மிட்டாய் வாங்கிவந்து காலனி முழுக்கக் கொடுத்தார். "எம் புள்ள மந்திரிடா! ரோடு, லைட்டு இன்னா வோணுமோ இப்பவே சொல்லிக்கிங்க. அப்பால வந்து நின்னா பாக்க மாட்டான்." எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் கேலியாக இல்லை. ஒரு கிழவர் நிஜமாகவே வந்து முதியோர் பென்ஷன் கேட்டார். எங்களுக்கு அந்த வார்த்தையின் எடை அவ்வளவு.

மறுநாள் காலையில் சார் என்னைப் பள்ளிக்குப் பின்னால் கூட்டிப்போனார். பக்கெட், விளக்குமாறு, பினாயில் பாட்டில். "பெல் அடிக்கிறதுக்குள்ள ரெண்டு கக்கூஸும் முடிஞ்சிருக்கணும், மந்திரி."

உணவு அமைச்சர் சத்துணவை ருசி பார்த்தான். விளையாட்டு அமைச்சரிடம் பந்து வைத்த அலமாரியின் சாவி. முதலமைச்சர் பெல் அடித்தான். எனக்கு முந்தின வருஷத்துச் சுகாதார அமைச்சர் ஏழுமலை, எங்கள் காலனி. அதற்கு முந்தினவனும் எங்கள் காலனிதான். கல்வி அமைச்சர் ஒருவர்கூட எங்களிலிருந்து வந்ததில்லை. அமைச்சர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்று அவரே எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். நான் எழுந்து, "நம்ம ஸ்கூல்ல எப்ப சார் தேர்தல்?" என்று கேட்டேன். நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். "உனக்கு எவன்டா ஓட்டுப் போடுவான்?" என்றார்.

அம்மா அப்போது மாமல்லபுரத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள். அவள் கையில் தினமும் வரும் வாசனை என் சட்டையிலும் இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், சாப்பாட்டுப் பையோடு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆசிரியர்கள் அறைக்கு வந்து நின்றாள்.

"சார், எம் புள்ளைக்கு இந்த மந்திரி பதவி வேணாம் சார். படிப்ப மட்டும் குடுங்க, போதும்."

தெய்வசிகாமணி சார் மற்ற ஆசிரியர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மந்திரி பதவி வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா!"

அறை முழுக்கச் சிரித்தது. ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவு சிரிப்பு. அம்மா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு வெளியே வந்தாள். ரோட்டில் என்னிடம் சொன்னாள்: "உங்க நைனாகிட்ட சொல்லாத. மந்திரி மந்திரின்னு சொல்லிகினு திரியுது அந்தாளு. அது ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

வருஷம் முடியும்வரை நான் மந்திரியாகவே இருந்தேன். நைனாவுக்கு இன்றுவரை தெரியாது. பேட்ஜ் எங்கள் வீட்டு ஏசு படத்தின் சட்டத்தில் செருகியிருக்கிறது.

4

இனியா சேர்ந்த அன்று மத்தியானமே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே விளக்கு வைக்கிற நேரம்.

"யாரு, சிகாமணி வாத்தியாரா? இன்னும் கீறாரா அந்தாளு?"

"குத்துக்கல்லாட்டம் கீறாரு."

"நீ இன்னா பண்ண?"

"வணக்கம் சொன்னேன்."

"த்தூ. வணக்கம் வேற. அப்பால?"

"டீ குட்த்தேன்."

"நல்லா குட்த்த போ. சக்கரை போட்டியா, போதுமான்னு கேட்டியா?"

"வேற இன்னாம்மா பண்ண சொல்ற? வயசான ஆளு. வுட்டுடட்டா?"

அம்மா போனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். "இன்னாத்துக்கு வுடணும்? அவரு வுட்டாரா? அந்த ரூம்ல சிரிச்சாங்களே, அந்தச் சிரிப்பு இன்னும் எங் காதுல கீதுடா. பெட்டு விரிக்கும்போது வருது, சோறு வடிக்கும்போது வருது." போனை மறுபடி தள்ளிப் பிடித்து, "ஆனா அந்தக் கொயந்த மேல காட்டாத. அது இன்னா பண்ணும் பாவம்" என்றாள்.

அந்த நிபந்தனையோடு வேலையை ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா நின்ற இடத்தில் அவர் நிற்க வேண்டும், நாலு பேர் சிரிக்க வேண்டும். எப்படி என்று மட்டும் தெரியவில்லை. கம்பெனியில் தொட்டிகளைச் சோதிக்கும்போதும் அதே யோசனை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், அவர் வீட்டு வாசலில் என்று எத்தனையோ இடங்களில் அவரை மனசுக்குள் நிறுத்திப் பேசியிருக்கிறேன். நிஜமாக எதிரே வந்ததும் டீதான் கொடுக்க முடிந்தது.

5

அடுத்த சனிக்கிழமை தேர்தல் வைத்தேன். மந்திரிசபை என்றதும் வகுப்பு குதித்தது. யார் எந்தத் துறைக்கு நிற்பது என்பதை அவர்களையே சொல்லச் சொன்னேன். ஒரு வார்த்தை நான் தூண்டவில்லை. ஐந்து பேர் விளையாட்டுத் துறைக்குப் பாய்ந்தார்கள். இனியா கை தூக்கினாள்.

"மாஸ்டர், ஆஸ்பத்திரி எந்த மினிஸ்டர்?"

"சுகாதார அமைச்சர்."

"அப்ப எனக்கு அதுதான். எங்கம்மா ஆஸ்பத்திரி."

வேறு துறைக்கு அவளை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஆதித்யா என்று ஒரு பையன் அவளை எதிர்த்து நின்றான். இருவரும் பேசினார்கள், பாதி தமிழ், பாதி கார்க் இங்கிலீஷ். "எனக்கு ஓட்டுப் போட்டா எல்லாருக்கும் ப்ளாஸ்டர் குடுப்பேன்" என்றாள் இனியா. பென்சிலால் ஒன்று, இரண்டு என்று எழுதிச் சீட்டுப் போட்டார்கள். இனியா ஜெயித்தாள். பச்சை அட்டையில் பேட்ஜ் வெட்டிக் குத்தினேன்.

உடனே தன் துறையைச் சுற்றிப் பார்க்கப் போனவள் ஓடிவந்தாள். "மாஸ்டர், கேர்ள்ஸ் டாய்லெட்ல சோப்பு இல்ல!"

"நீங்கதான் அமைச்சர். என்ன செய்யலாம்?"

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அயர்லாந்துக்காரரிடம் நேராகப் போய்ச் சொன்னாள். அவர் பேட்ஜைப் பார்த்து, சல்யூட் அடித்து, சோப்பை நிரப்பினார். அமைச்சர் என்றால் யார் என்று அன்று எல்லாருக்கும் புரிந்தது. எனக்கும்தான்.

வீட்டில் போய்த் தாத்தாவிடம் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "நான் சுகாதார அமைச்சர்." அவ்வளவுதான் சொல்வாள். அதைக் கேட்கும்போது அந்த முகம் எப்படிப் போகும் என்று அந்த வாரம் முழுக்க நினைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் எனக்குள்ளேயே சிரித்திருக்கிறேன் போல. பக்கத்துச் சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போனார்.

6

போன சனிக்கிழமை, வகுப்புக்கு முன்னால் பெற்றோர்கள் டீ மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். மகளையும் பேத்தியையும் பின்னால் விட்டுவிட்டு வேகமாக வந்தார் தெய்வசிகாமணி சார். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் அந்தப் பேட்ஜ்.

"தம்பி, ஒரு நிமிஷம் இப்டி வாங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"இங்கியே சொல்லுங்க சார். எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"இல்ல... பாப்பாவுக்கு இது வேணாம். வேற ஏதாச்சும் குடுங்க. கல்வி, கில்வி."

"ஏன் சார்? ஜெயிச்சு வாங்கினது."

"சொன்னா கேளுங்க தம்பி."

"காரணம் சொல்லுங்க சார். நானும் தெரிஞ்சுக்கறேன்."

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. கோபத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "இன்னா நெனச்சுகினு கீற நீ? எம் பேத்தி கையில வெளக்கமாறக் குடுத்துக் கக்கூஸ் கழுவ வுடுவியா? அதுக்கா அவள இங்க அனுப்பறோம்?"

டீ மேசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா கிட்டே வந்தாள். "அப்பா, என்னப்பா பேசறீங்க? வெளக்கமாறுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல தாத்தா. எனக்கு வெளக்கமாறு இல்ல. நான் சோப்பு போட வெச்சேன்" என்றாள் இனியா.

"நானும் சொல்லல சார்" என்றேன். "சுகாதார அமைச்சர்னா வெளக்கமாறுன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு பேட்ஜை மேசையில் வைத்துத் தள்ளினார். "மாத்துப்பா. அவ்ளோதான்."

"என்னால மாத்த முடியாது சார். ஓட்டுப் போட்டவங்கதான் மாத்த முடியும். பாடத்துல அப்படித்தான் இருக்கு."

"மாத்த முடியலன்னா வேணாம். இந்த மந்திரி பதவியே வேணாம் அவளுக்கு. தமிழ மட்டும் சொல்லிக் குடு, போதும்."

இதற்காகத்தான் அத்தனை வருஷமும் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தேன், அவர் பார்த்த மாதிரியே.

"மந்திரி பதவி வேணாம்னு சொன்ன ரெண்டாவது ஆளு நீங்கதான் சார்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இறுக்கம் விட்டது என்று சிரித்தார்கள். கவிதாகூடச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. என் முகம் மறந்திருக்கலாம், ஆனால் தன் நகைச்சுவையை அவர் மறந்திருக்கவில்லை. ஆசிரியர்கள் அறையில் எத்தனை வருஷம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்திருப்பாரோ! ஃபிளாஸ்க்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"மொத ஆளு எங்கம்மா" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"சவுக்கு வெட்டுற மாசிலாமணி..."

"மிஸ்டர் மாசிலாமணி, சார்."

"தம்பி, அது அப்ப... எல்லா ஸ்கூல்லயும் அப்டித்தான்... நான் ஒரு வார்த்த சொல்லிக்கறேன்..."

"நேரமாச்சு சார். வகுப்பு ஆரம்பிக்கணும்."

என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். சொல்ல விடவில்லை. வேண்டுமென்றேதான். சொல்லிவிட்டால் அவருக்குப் பாரம் இறங்கிவிடும். அவர் ஊர் திரும்ப இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு சனிக்கிழமையும் பேத்தியைக் கூட்டிவரட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் டீ கொடுப்பேன்.

பேட்ஜை எடுத்து இனியாவின் ஸ்வெட்டரில் மறுபடி குத்தினேன். நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

7

வகுப்பு முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு. எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கம்மா."

"அவரு?"

"நின்னுகினு இருந்தாரு."

"கையில இன்னா வெச்சிருந்தாரு?"

"ஃபிளாஸ்க்கு. இந்தக் கை, அந்தக் கை மாத்தினாரு."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த டீச்சரைப் போலவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டு நைனா வந்து போனைப் பிடுங்கினார். அவருக்குப் பின்னால் ஏசு படம், சட்டத்தில் வெளுத்துப்போன பச்சை வட்டம்.

"இன்னாடா மந்திரி, உங்கம்மா இப்டி சிரிக்குது? இன்னா விசியம்?"

"ஒண்ணுமில்ல நைனா. இங்க எங்க ஸ்கூல்ல தேர்தல் வெச்சோம்."

"தேர்தலா? யாரு ஜெயிச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா பின்னாலிருந்து சொன்னாள்:

"நாமதான்."